எட்டு நொடிக்குள்

பதினான்கு நொடி.

ஃபிராங்க்ளின் கைப்பேசியில் ஓடிய கடிகாரத்தை நிறுத்திவிட்டு அதையே முறைத்தான். நேற்றும் பதினான்கு. போன வாரம் பதின்மூன்று. மூன்று வாரம் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்ததற்குப் பிள்ளைகள் ஒரு நொடி மெதுவாகியிருக்கிறார்கள்.

"ஆபார்," என்று கத்தினான். மறுபடியும் என்று அர்த்தம். கொல்கத்தாவுக்கு வந்த இரண்டு வருடத்தில் அவன் வாயில் அதிகம் புழங்கிய வங்காளச் சொல் அதுதான்.

பயிற்சி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. எதிரணி பந்தோடு நம் கோல் வரை ஏறி வந்திருக்கும். அவர்கள் காலிலிருந்து பந்தைப் பறிக்க வேண்டும். பறித்த பந்தைப் பக்கவாட்டில் தட்டி விளையாடக் கூடாது, முன்னால் அடிக்க வேண்டும். ஏறி வந்தவர்கள் திரும்பி ஓடித் தங்கள் கோலை அடைப்பதற்குள் நம் ஆள் அங்கே போய் அடித்துவிட வேண்டும். பறித்ததிலிருந்து அடிப்பது வரை எட்டு நொடி. ஒன்பதாவது நொடியில் அவர்கள் ஆட்கள் வந்து நின்றுவிடுவார்கள், அப்புறம் தலைகீழாக நின்றாலும் கோல் விழாது.

பிள்ளைகளுக்கு இது தெரியும். கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஆனால் ஆட்டத்தில் பந்தைப் பறித்த மறுகணம் அத்தனை பேருக்கும் காலில் ஏதோ ஒட்டிக்கொண்டது போல ஆகிவிடுகிறது.

"ஹம்சினி, முன்னாடி பாரு. பாப்பாய், எகியே ஜா, முன்னால போ. ஹம்சினி, லெஃப்ட்ல அடி. லெஃப்ட் இல்ல, வேணாம், நடுவுல. பாப்பாய், எங்கடா நிக்குற?" கோட்டுக்கு வெளியே அவனும் அவர்களோடு ஓடினான். தமிழ், வங்காளம், இந்தி மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. பந்து கடைசியில் புல்லில் உருண்டு கோல் கம்பத்துக்கு ஒரு கஜம் தள்ளிப் போய் நின்றது.

பதினைந்து.

சபுஜ் தாரா கோச்சிங் கேம்ப் ஏரிக்கரை ஓரமாக இருந்த ஒரு சின்ன மைதானத்தில் நடந்தது. செயலாளர் தேபு தா தினமும் ஆறரை மணிக்கு மண் கோப்பையில் டீயோடு வந்து, கோல் கம்பத்தின் பின்னால் நிற்பார். அறுபது வயது. தா, தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். வந்த புதிதில் அவர் பேசும் வங்காளம் ஃபிராங்க்ளினுக்குப் பாதிதான் புரியும். இப்போது முழுக்கப் புரிகிறது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச்," என்றார் தேபு தா.

"தெரியும் தாதா."

"சாயங்காலம் கமிட்டி. திங்கக்கிழமையோட அப்ளிகேஷன் முடியுது. ஒரு லெட்டர்தான் குடுக்க முடியும். உனக்கா, சுபோவுக்கா, நான் சொல்லணும்."

பயிற்சியாளர்களுக்கான முதல் நிலை லைசென்ஸ் வகுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால், இவர் எங்கள் பதின்மூன்று வயதுக்குட்பட்ட அணியின் பயிற்சியாளர் என்று ஒரு கிளப் கடிதம் தர வேண்டும். பழைய பயிற்சியாளர் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்ததால் அணி தற்காலிகமாக அவருடைய உதவியாளர்களில் ஒருவனான ஃபிராங்க்ளின் கைக்கு வந்திருந்தது. இன்னொரு உதவியாளன்தான் சுபோ. தற்காலிகம் என்ற சொல்லை தேபு தா ஒவ்வொரு வாரமும் ஒருமுறை நினைவூட்டினார்.

"சுபோ கத்தினா கரியாஹாட் மார்க்கெட் வரைக்கும் கேக்கும்," என்று தேபு தா டீயை உறிஞ்சினார். "பேரண்ட்ஸுக்கு அதான் வேணும். கோச் வேலை செய்யறான்னு காதால தெரியணும். நீயும் கத்தற. அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா பசங்க ஓட மாட்டேங்கறாங்களே."

"ஓடுவாங்க தாதா. ஞாயித்துக்கிழமை பாருங்க."

தேபு தா மண் கோப்பையை வேலியோரம் போட்டு உடைத்துவிட்டுப் போனார்.

உண்மையில் ஃபிராங்க்ளினுக்கு அந்தக் கடிதம் மூன்று வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. அதாவது வீட்டுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தான். அணி கைக்கு வந்த அன்று ஏற்பட்ட சந்தோஷத்தில், அக்காவுக்கு அனுப்பிய செய்தியில், லெட்டரும் கையெழுத்தாகிவிட்டது என்று ஒரு வரி கூடுதலாகச் சொல்லிவிட்டான். எப்படியும் வரப்போகிறதுதானே என்று நினைத்தான். அந்த ஒரு வரி வியாசர்பாடிக்குப் போய், அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லிவிட்டாள். என் மகனைக் கர்த்தர் கல்கத்தாவில் உயர்த்தினார் என்று. பாஸ்டர் தனியாக ஒரு ஜெபம் வேறு செய்திருக்கிறார். இனி அந்த வரியைத் திருப்பி வாங்க வழியில்லை.

லேக் மார்க்கெட் மெஸ்ஸில் நின்றபடியே நான்கு இட்லியை விழுங்கிக்கொண்டிருக்கும்போது அக்காவின் செய்தி வந்தது. "டேய் லெட்டர் போட்டோ அனுப்புன்னு எத்தினி வாட்டி கேக்குறது. அம்மா உயிர எடுக்குது."

இடது கையில் தட்டு, வலது விரலில் சாம்பார். அவன் கைப்பேசியை மேசைமேல் வைத்து, முழங்கையால் மைக்கைத் தொட்டு, அதன்மேல் குனிந்து பேசினான். பேசப் பேச எழுத்தாக விழுந்தது. "அனுப்புறேன் அக்கா. ஆபீஸ்ல பைலுக்குள்ள வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை கைக்கு வந்துரும். நீ சாப்டியா? கால் வலி எப்படி கீது? இங்க மழைக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்."

அக்கா வேலை செய்த வண்ணாரப்பேட்டை துணிக்கடையில் கைப்பேசியைக் காதில் வைக்கக் கூடாது. சேலைக் கட்டுக்குப் பின்னால் வைத்துப் படித்துக்கொள்ளலாம். அதனால் அவன் ஊருக்குப் பேசுவதெல்லாம் இப்படி எழுத்தாகத்தான் போனது. நாளுக்கு முப்பது, நாற்பது செய்தி. ஒன்றை அனுப்பிவிட்டு, நீல டிக் விழுகிறதா என்று பார்த்து, விழாவிட்டால் இன்னொன்று அனுப்புவான்.

வேலையும் வாய் வேலைதான். சால்ட் லேக்கில் ஒரு கம்பெனி. தமிழ்நாட்டிலிருந்து இன்சூரன்ஸ் சந்தேகம் கேட்டு அழைப்பவர்களுக்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டும். பகல் பன்னிரண்டிலிருந்து ராத்திரி ஒன்பது வரை காதில் ஹெட்செட். கணினியில் பாலிசி எண்ணைத் தேடும் நேரத்தில்கூடச் சும்மா இருக்க முடியாது. "ஒரு நிமிஷம் சார், பாத்துட்டே இருக்கேன் சார், சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு சார், உங்க ஊர்ல மழையா சார்" என்று எதையாவது இட்டு நிரப்பிக்கொண்டே போக வேண்டும். பத்து நொடி சத்தமில்லாமல் போனால் அதற்கு அங்கே டெட் ஏர் என்று பெயர். மாதக் கடைசியில் மேலதிகாரி அந்த அழைப்பைப் போட்டுக் காட்டி மார்க்கைக் குறைப்பார். இரண்டு வருடத்தில் ஃபிராங்க்ளின் ஒருமுறைகூட டெட் ஏருக்கு மார்க் இழந்ததில்லை. டீமில் அவனுக்கு அதில் பெயர்.

வியாழக்கிழமை காலையில் ராஜாராமன் வந்திருந்தார். ஹம்சினியின் அப்பா. வங்கி அதிகாரி. தாத்தா காலத்திலேயே லேக் மார்க்கெட்டில் குடியேறிய குடும்பம். மகள் பந்து தொடுவதையெல்லாம் வேலியோரமாக நின்று படம்பிடிப்பார்.

"என்னப்பா ஃபிராங்க்ளின், என் பொண்ணு தேறுவாளா?"

"அவ நல்லாத்தான் சார் ஆடுறா. பந்தப் புடுங்குறதுல அவள மாதிரி இங்க ஆளே கிடையாது. அதுக்கப்புறம் எங்கியோ லேட் ஆவுது. எங்கன்னு தெரியல. அந்த வீடியோல்லாம் எனக்கு அனுப்புறீங்களா?"

"அனுப்பறேன். ஆனா சவுண்ட ஆஃப் பண்ணிட்டுப் பாரு. காது போயிடும்."

"ஏன் சார்?"

"நீதான்," என்று ராஜாராமன் சிரித்தார்.

மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஹெட்போனை மறந்துவிட்டதால் சத்தத்தை அணைத்துவிட்டு, அவன் வீடியோவைப் பார்த்தான். ஹம்சினி பந்தைப் பறிக்கிறாள். சுத்தமான பறிப்பு. பந்து காலில் ஒட்டுகிறது. உடனே அவள் தலை வலது பக்கம் திரும்புகிறது. படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறாள். அங்கே ஓடிக்கொண்டிருந்த பாப்பாயும் வேகத்தைக் குறைத்து வலது பக்கம் பார்க்கிறான். கோல்கீப்பர்கூட வலது பக்கம்தான் பார்க்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நொடி. அதன் பிறகுதான் பந்து நகர்கிறது.

அடுத்த வீடியோ. மறுபடியும் பறிப்பு, மறுபடியும் அத்தனை தலையும் வலது பக்கம். ஏதோ கோயில் மணி அடித்தது போல.

வலது பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று அவன் யோசித்தான். வேலி. ஒரு குல்மோகர் மரம். சைக்கிள்கள். மெட்ரோ ஒரு ஸ்டேஷனில் நின்று கிளம்பியது. பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அங்கே நிற்பது அவன்.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு முன்னால் ஹம்சினியைத் தனியாகக் கூப்பிட்டான். அவள் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே நின்றாள்.

"பந்த எடுத்த ஒடனே ஏன் என்னியப் பாக்குற?"

"நீங்க கூப்பிடறேளே, ஃபிராங்க் தா. பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்ப வேண்டாமா?"

"நான் கூப்புடலன்னா எங்க அடிக்கணும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். பாப்பாய் எப்பவும் லெஃப்ட்ல ஓடிண்டிருப்பான். பாக்காமயே அடிக்கலாம்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நீங்க வேற ஏதாவது சொல்லப்போறேளோன்னு வெயிட் பண்ணுவேன். அப்பறம் நீங்க ரெண்டு மூணு சொல்லுவேள். எதுன்னு தெரியாது."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீங்க பேசிண்டே இருந்தேள்," என்றாள் ஹம்சினி.

அன்றைக்கு வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தான். நாற்பது நொடி தாக்குப் பிடித்தான். பாப்பாய் தப்பான பக்கம் திரும்பியதும் தன்னை அறியாமல் "டேய்" என்று வந்துவிட்டது. டேய்க்குப் பின்னால் மற்றதெல்லாம் கொட்டியது. விசிலை வாயில் வைத்துப் பார்த்தான். பல்லால் கடித்ததில் அது தானாக ஊதி, பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை தண்ணீர் பாட்டிலோடு வந்தான். வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு கோட்டோரம் நின்றான். கன்னம் இரண்டும் புடைத்து, கண் பிதுங்கி, பெருவிரலால் தொடையைத் தட்டிக்கொண்டு. முதல் முறை பிள்ளைகள் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். இரண்டாம் முறையும் பார்த்தார்கள். மூன்றாம் முறை ஹம்சினி பார்க்கவில்லை. பறித்த காலிலேயே இடது பக்கம் நீளமாக அடித்தாள். பாப்பாய் அங்கே ஓடிக்கொண்டிருந்தான்.

ஒன்பது நொடி.

ஃபிராங்க்ளின் தண்ணீரைத் துப்பிவிட்டு, "அதான், அதான், அப்டித்தான்" என்று மைதானத்துக்குள்ளேயே ஓடினான். அடுத்த முறை பதின்மூன்று.

அன்று ராத்திரி தூக்கம் சரியாக இல்லை. கத்தினால் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். கத்தாவிட்டால் தேபு தாவின் கண்ணுக்கு அவன் வேலை செய்யாத ஆள். எந்தப் பக்கம் போனாலும் கடிதம் சுபோவுக்குத்தான் என்று தோன்றியது.

ஞாயிறு காலையில் மழை விட்டிருந்தது. மைதானத்தின் ஒரு மூலை சேறாகக் குழைந்து கிடந்தது. சாந்த்ராகாச்சியிலிருந்து வந்திருந்த எதிரணிப் பிள்ளைகள் எல்லாரும் இவர்களைவிட ஒரு சாண் உயரமாக இருந்தார்கள். தேபு தா பிளாஸ்டிக் நாற்காலியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் சுபோ. சுபோ சும்மாவே "கீ ரே", என்னடா, என்று யாரையோ கூப்பிட்டதில் இரண்டு நாய்கள் எழுந்து ஓடின.

ஆட்டம் தொடங்கியதும் ஃபிராங்க்ளின் வாயில் தண்ணீரை அடக்கினான். ஐந்து நிமிடம் போயிருக்கும். குடை நிழல் அவன்மேல் விழுந்தது.

"தண்ணி குடிக்க வந்தியா, கோச்சிங் பண்ண வந்தியா?" என்றார் தேபு தா. "உன் டீம் ஆடுது. ஏதாவது சொல்லு. பேரண்ட்ஸ் எல்லாம் உன்னத்தான் பாக்கறாங்க."

ஃபிராங்க்ளின் தண்ணீரை விழுங்கினான். அப்புறம் சொன்னான். இடைவேளை வரை நிறுத்தாமல் சொன்னான். ஹம்சினி நான்கு முறை பந்தைப் பறித்தாள், நான்கு முறை அவனைப் பார்த்தாள், நான்கு முறையும் உயரமான பையன் ஒருவன் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான். நான்காவது முறை அது கோலாக முடிந்தது. பூஜ்யத்துக்கு ஒன்று.

இடைவேளையில் பிள்ளைகள் சேற்றுக் காலோடு சுற்றி உட்கார்ந்து எலுமிச்சைத் துண்டைச் சப்பினார்கள். எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். சொல்ல அவனிடம் இருபது விஷயம் இருந்தது. தொண்டை வரை வந்து வரிசையில் நின்றது.

"நான் இனிமே பேச மாட்டேன்," என்றான் வங்காளத்தில். "மேட்ச் முடியுற வரைக்கும். என்னப் பாத்தா ஒண்ணும் கெடைக்காது. ஒங்களுக்குள்ள பாத்துக்குங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஃபிராங்க் தாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று பாப்பாய் ஹம்சினியிடம் கேட்டான்.

"கோவமா?" என்றான் கோல்கீப்பர்.

"ரெண்டும் இல்ல," என்றாள் ஹம்சினி. "எழுந்திரு."

இரண்டாம் பாதி தொடங்கியது. பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. ஃபிராங்க்ளின் கையைக் கட்டினான், அவிழ்த்தான், தலையைச் சொறிந்தான். பாப்பாய் பக்கக் கோட்டை விட்டு உள்ளே வந்துவிட்டான். வெளியே போடா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினான். எட்டு வரை எண்ணுவதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது. அப்போது சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. அக்கா.

"டேய் ஞாயித்துக்கிழமை ஆயிட்ச்சு. எங்க போட்டோ. அம்மா பாஸ்டர் கிட்ட காட்டணுமாம்."

அவன் மைக்கைத் தொட்டான். கைப்பேசியை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், வேகமாக, பாப்பாயிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அக்காவிடம் சொன்னான்.

"அக்கா மேட்ச் ஓடினு இருக்கு. ஒண்ணுக்கு சைபர், தோத்துனு இருக்கோம். பாப்பாய் உள்ள வந்து நிக்குறான். அவன் வெளிய போவணும் அக்கா, கோட்ட ஒட்டி நிக்கணும். அப்பத்தான் ஹம்சினி அடிச்சா அவனுக்குப் போவும். நான் சொல்லக் கூடாது. சொன்னா நின்னுருவாங்க."

அனுப்பினான். சேலைக் கட்டுக்குப் பின்னாலிருந்து உடனே பதில் வந்தது. "யாருடா ஹம்சினி?"

"நம்ம பொண்ணுதான், தமிழ்ப் பொண்ணு. பன்னண்டு வயசு. அவதான் பந்தப் புடுங்குவா. இப்பப் புடுங்கிட்டா. என்னப் பாக்குறா. நான் கீழ பாக்குறேன் அக்கா. செருப்பப் பாத்துனு நிக்குறேன். எடுத்துனு போய்ட்டானுங்க. பரவால்ல."

"ஏன் லூசு மாதிரி செருப்பப் பாக்குற."

"அப்பறம் சொல்றேன். மறுபடி புடுங்கிட்டா. இந்த வாட்டி என்னப் பாக்கல. சைடுல தட்டிட்டா. தப்பு. முன்னாடி அடிச்சிருக்கணும். ஆனா பாக்கல அக்கா."

அவன் பேசிக்கொண்டே இருந்தான். கையில் போன், வாயருகே போன், எதிரே தன் அணி தோற்றுக்கொண்டிருக்கிறது. குடைக்கடியில் தேபு தா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டதை ஓரக்கண்ணில் பார்த்தான். சுபோ அவர் காதில் ஏதோ சொன்னான். இப்போது போனை உள்ளே வைத்துவிட்டு நாலு கத்து கத்தினால் போதும். கடிதம் ஒருவேளை தப்பிக்கும். ஹம்சினி அந்தப் பக்கம் பந்துக்காகக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தாள்.

அக்கா எழுதியிருந்தாள். "அது கெடக்கட்டும். லெட்டர் எங்க."

அவன் மறுபடியும் செருப்பைப் பார்த்தான். வலது செருப்பின் வாரில் சேறு காய்ந்திருந்தது.

"லெட்டர் இல்ல அக்கா," என்றான் மைக்கிடம். "வரவே இல்ல. நான் பொய் சொன்னேன். இன்னிக்கு சாயங்காலம்தான் தெரியும். வராதுன்னு நெனைக்கிறேன். செக்ரட்டரி என்னப் பாத்துனு இருக்காரு. நான் போன்ல பேசினு இருக்கேன்னு பாக்குறாரு. கத்துனா குடுப்பாரு. நான் கத்த மாட்டேன். அம்மாகிட்ட நீ சொல்லாத, நானே சொல்லிக்கிறேன். சாட்சி சொல்லிருச்சே அக்கா அது. எப்டிச் சொல்றதுன்னு தெரியல."

அனுப்பு என்பதைத் தொட்டான். அந்த நேரத்தில்தான் வேலியோரத்திலிருந்து கூச்சல் எழுந்தது. தலை நிமிர்ந்தபோது பாப்பாய் சட்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அவனை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தான். பின்னால் ஹம்சினி, அவள் பின்னால் மற்ற எல்லாரும். எதிரணிக் கோல்கீப்பர் வலைக்குள் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தான்.

"பாத்தேளா?" என்று ஹம்சினி மூச்சு வாங்கினாள். "எத்தன செகண்ட்?"

கடிகாரம் ஓடவே இல்லை. அவன் கையை விரித்தான். கன்னத்தை உப்பிக் காட்டினான், வாயில் தண்ணீர் இருப்பது போல. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தபடி திரும்பி ஓடினார்கள்.

கைப்பேசியில் நீல டிக் விழுந்திருந்தது. அக்கா படித்துவிட்டாள். எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதுகிறாள். அவன் திரையையே பார்த்தான்.

"சரி. அப்பறம்? பந்து இப்ப யார்கிட்ட கீது? கடைல எல்லாரும் கேக்குறாங்க."

மிச்சமிருந்த ஒன்பது நிமிடத்தில் அதே போல் இன்னொரு முறை பந்து நீளமாக இடது பக்கம் போனது. பாப்பாய் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதையும் அவன் அக்காவிடம்தான் சொன்னான். ஒன்றுக்கு ஒன்றில் ஆட்டம் முடிந்தது.

பிள்ளைகள் சேற்றில் சறுக்கி விளையாடத் தொடங்கினார்கள். தேபு தா குடையை மடக்கிக்கொண்டு நேராக வந்தார். சுபோ நாற்காலியருகிலேயே நின்றுவிட்டான்.

"நாப்பது வருஷமா மைதானத்துல இருக்கேன்," என்றார் தேபு தா. "மேட்ச் நடக்கும்போது கோச் அரைமணி நேரம் போன் பேசினத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

ஹம்சினி சேற்றுக் கையோடு குறுக்கே வந்தாள். "பேச மாட்டேன்னு முன்னாடியே எங்ககிட்ட சொல்லிட்டார் தேபு தாத்தா."

"அப்போ அந்த கோலுக்கு யாரு சொன்னாங்க?"

"நான்தான்," என்றான் பாப்பாய்.

"பொய். நான் அடிக்கறச்சே நீ கத்தவே இல்ல."

"கைய தூக்கினேன்ல."

"நீ எப்பவும் கைய தூக்கிண்டுதான் ஓடுவே."

இரண்டு பேரும் யார் முதலில் யாரைப் பார்த்தது என்று சண்டை போட்டபடி நகர்ந்தார்கள். ராஜாராமன் வேலியைத் தாண்டி வந்து, தன் கைப்பேசியை நீட்டினார். படத்தில் ஹம்சினி பந்தைப் பறித்தாள். தலை எங்கும் திரும்பவில்லை. பந்து போனது, பாப்பாய் போனான், வலை ஆடியது. ஃபிராங்க்ளின் அந்த கோலை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தான்.

"ஏழு செகண்ட்," என்றார் ராஜாராமன். "ரெண்டு தரம் பாத்துட்டேன்."

தேபு தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் போடச் சொன்னார். பார்த்தார். பிறகு ஃபிராங்க்ளின் பக்கம் திரும்பினார்.

"சாயங்காலம் கமிட்டியில ஒரே கேள்விதான் கேப்பாங்க. இந்தப் பையன் என்ன செஞ்சான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

பதில் தயாராக இருந்தது. வியாழக்கிழமை வீடியோவிலிருந்து தொடங்கி, தலை திரும்புவது, நான்கு நொடி, தண்ணீர் பாட்டில், சனிக்கிழமை ஒன்பது என்று எல்லாம் கோர்வையாக வந்து நின்றது. வாயைத் திறந்தான். தேபு தாவின் தோளுக்குப் பின்னால் பாப்பாயும் ஹம்சினியும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹம்சினி சேற்றில் விரலால் கோடு இழுத்து, நீ இங்க இருந்தே, நான் இங்க இருந்தேன் என்று காட்டிக்கொண்டிருந்தாள். கோல்கீப்பர் குனிந்து, இல்லை, இன்னும் வெளியே என்று கோட்டை அழித்தான்.

ஃபிராங்க்ளின் வாயை மூடிக்கொண்டான்.

ஒரு நொடி. இரண்டு. கால் தானாக ஆடியது, அதை அழுத்தி ஊன்றினான். நான்கு. தேபு தாவும் அவன் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏழு. காதுக்குள் ஆபீஸ் மேலதிகாரி விரலைச் சொடுக்கும் சத்தம் கேட்டது போல இருந்தது. ஒன்பது. பத்து.

"சரி, சரி," என்றார் தேபு தா. அவரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "சுபோ அங்க நின்னு அதே கோட்டத்தான் நாலு மாசமா கத்திச் சொன்னான். இன்னிக்குத்தான் பசங்களே போட்டுக்கறாங்க." சட்டைப் பைக்குள் கையை விட்டு, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். கிளப்பின் பெயர் அச்சடித்த தாள். ஓரம் மழையில் நனைந்திருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. "பேனா?"

ஃபிராங்க்ளினிடம் பேனா இல்லை. ராஜாராமன் தன் பேனாவைத் திறந்து கொடுத்தார். மூடியை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார், வங்கி கவுண்ட்டரில் இருந்த காலத்துப் பழக்கம்.

தேபு தா மடக்கிய குடையின்மேல் தாளை வைத்து ஃபிராங்க்ளின் பெயரை எழுதினார். "அடுத்த ஞாயிறும் வாயத் திறக்காத. ஆனா போன் வேணாம். கைய காலயாவது ஆட்டு. பேரண்ட்ஸ் பாக்கறாங்க."

ஃபிராங்க்ளின் தலையை ஆட்டினான்.

கைப்பேசி அதிர்ந்தது. "டேய் முடிஞ்சிருச்சா? யாரு ஜெயிச்சா? கஸ்டமர் நிக்குறாங்க சீக்கிரம் சொல்லு."

அவன் மைக்கைத் தொட்டு வாயருகே கொண்டுபோனான். தாளில் மை இன்னும் காயவில்லை. பேனா போன இடத்திலெல்லாம் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சத்தம் ஏதும் கேட்காததால் மைக் தானாக அணைந்தது. அவன் மறுபடியும் தொட்டான்.